வேடிக்கை பார்த்தவரா, பார்வையாளரா, சாட்சியா?

சேலம் குகையில் ஆடித் திருவிழாவின்போது நடக்கும் நிகழ்ச்சிக்குப் பெயரே வண்டி வேடிக்கை. தெய்வ வேடமிட்டவர்கள் அலங்கார வண்டிகளில் வர, சாலையின் இருபுறமும் கூட்டம் அலைமோதும். 'ஆயிரக்கணக்கானோர் வேடிக்கை பார்த்தனர்' என்று எழுதினால் அங்கே யாருக்கும் மனத்தாங்கல் இல்லை. அதையே ஏற்காடு மலைப்பாதை விபத்துச் செய்தியில் எழுதினால், நின்றிருந்த அத்தனை பேர் மீதும் பழி விழும். உள்ளூர்ச் செய்தியோ புகார் மனுவோ எழுதுகிறவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

கொண்டை ஊசி வளைவில் வேன் கவிழ்ந்த இடத்தில் பத்துப் பேர் நின்றால் பத்துப் பேரும் ஒரே ரகமல்ல. ஒருவர் 108-க்குப் பேசியிருப்பார், இன்னொருவர் மேலிருந்து இறங்கும் பேருந்தைக் கைகாட்டி நிறுத்தியிருப்பார். உதவ வழியிருந்தும் சும்மா நின்றார்கள் என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டுமே 'வேடிக்கை பார்த்தனர்'. தெரியாவிட்டால் 'அங்கிருந்தவர்கள்' போதும். 'கைகட்டி வேடிக்கை பார்த்தது' என்பதைக் கடமை உள்ளவர்களுக்கு, அதாவது அதிகாரிகளுக்கும் துறைகளுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். வழிப்போக்கருக்கு அது அநியாயம்.

உதவியவரின் பெயரைக் கேட்காமல் அச்சில் ஏற்றுவதும் தவறு. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் சேர்ந்த 134-ஏ பிரிவு, நல்லெண்ணத்தோடு உதவியவருக்குப் பாதுகாப்பு தருகிறது. பெயர், முகவரி சொல்லும்படி போலீசாரே அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

அடுத்து 'சாட்சி'. மோதியதைக் கண்ணால் பார்த்தவர்தான் நேரில் கண்ட சாட்சி. சத்தம் கேட்டு ஓடிவந்தவர் பார்த்தது கவிழ்ந்து கிடந்த வண்டியை மட்டுமே. அவரை 'நேரில் கண்டவர்' என்று மனுவில் எழுதிவிட்டால், குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியிலேயே அது உடைந்துவிடும், வழக்கும் பலவீனமாகும். பார்வை மகஜரில் கையெழுத்துப் போட்டவர் வேறு வகை. போலீசார் இடத்தைப் பார்வையிட்டு எழுதியதற்குத்தான் அவர் சாட்சி, விபத்துக்கு அல்ல.

'பார்வையாளர்' என்றதும் சும்மா உட்கார்ந்திருப்பவர் என்று நினைத்துவிட வேண்டாம். தேர்தல் பார்வையாளர் 1951-ஆம் ஆண்டு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின்படி நியமிக்கப்படும் அரசு அதிகாரி. வாக்குச்சாவடி கைப்பற்றப்பட்டது போன்ற சூழலில் வாக்கு எண்ணிக்கையை நிறுத்தச் சொல்லவும் அவருக்கு அதிகாரம் உண்டு. கட்சிக்காக மேசையருகே உட்காருகிறவர் முகவர். இரண்டையும் மாற்றி எழுதினால் செய்தியே தலைகீழாகிவிடும்.

கிராம சபைக் கூட்டத்துக்கு 'பார்வையாளர்கள் வந்தனர்' என்று எழுதுவதும் பிழைதான். ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள ஒவ்வொருவரும் அந்தச் சபையின் உறுப்பினர். வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்தாலும் உறுப்பினர்தான்.

கலை, விளையாட்டுப் பக்கம் சிக்கல் குறைவு. வானொலிக்கு நேயர், கூத்துக்குச் சபையோர், கிரிக்கெட்டுக்கு ரசிகர் என்று பழகிய சொல் இருக்கிறது. கேட்க மட்டுமே முடிகிற வானொலியைத் தவிர மற்ற இடங்களில் 'பார்வையாளர்' என்று போட்டால் பிழையில்லை, கொஞ்சம் வறட்சியாக இருக்கும், அவ்வளவே. ஏற்காடு கோடை விழா மலர்க் கண்காட்சியில் மட்டும் நேர்மாறு. டிக்கெட் கணக்கை வைத்து எண்ணிக்கை எழுதும்போது 'சுற்றுலாப் பயணிகள்' என்று போடாமல் 'பார்வையாளர்கள்' என்றே எழுதுங்கள். ஏற்காட்டிலேயே உள்ள நாகலூர்க்காரரும் டிக்கெட் வாங்கித்தான் அண்ணா பூங்காவுக்குள் போகிறார்.