வாத்தியார் பெயரில் உதவித்தொகை தொடங்கப் போகிறீர்களா?
மேலூர்ப் பக்கம் எங்கள் கணக்கு வாத்தியார் தவறியபோது, பழைய மாணவர்கள் சேர்த்த பணத்தை எங்களில் ஒருவன் பெயரிலேயே டெபாசிட் போடலாம் என்றுதான் முதலில் பேசினோம். வேண்டவே வேண்டாம். வட்டி அவன் வருமானமாகக் கணக்காகும், நாளைக்கு அவனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் பணம் வாரிசுகள் கைக்குப் போய்விடும், அப்புறம் யாரிடம் போய்க் கேட்பது? சார்பதிவாளர் அலுவலகத்தில் அறக்கட்டளைப் பத்திரம் பதிந்து, அதன் பெயரில் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் வாங்குங்கள். அசலைத் தொடக்கூடாது என்று பத்திரத்திலேயே எழுதிவிடுங்கள். 1 லட்சத்துக்கு 6.5 சதவீத வட்டி என்றால் ஆண்டுக்கு 6,500 ரூபாய். ஒரு பிள்ளைக்கு உருப்படியாக உதவும், ஐந்து பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு 1,300தான். ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போதே பிள்ளையின் கணக்கில் போட்டுவிடுங்கள். மாலை, பொன்னாடைச் செலவெல்லாம் உங்கள் சொந்தக் காசில்.