சில்வர் ஈகிளை கிரேடிங்குக்கு அனுப்பலாமா? காசு கட்டும் முன் போட வேண்டிய கணக்கு

புதிதாக நாணயம் சேர்ப்பவர்கள் கைக்கு அமெரிக்க வெள்ளி நாணயமான சில்வர் ஈகிள் ஒன்று வந்தால், கூடவே ஒரு கேள்வியும் வந்துவிடும்: "கிரேடிங்குக்கு அனுப்பினால் விலை ஏறுமாமே?" ஏறலாம்தான். ஆனால் ஏறுகிற பணம் பெரும்பாலும் அனுப்பிய செலவுக்கே சரியாகப் போய்விடும். என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாதாரண சில்வர் ஈகிளை ஒன்றிரண்டாக அனுப்புவது வீண் செலவு. இதற்கு விலக்கும் உண்டு. உங்களிடம் இருப்பது அந்த விலக்கில் சேருமா என்று பார்க்கத்தான் இந்தப் படிகள்.

கிரேடிங் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்த்துவிடுவோம். 1986இல் தொடங்கிய பி.சி.ஜி.எஸ்., 1987இல் தொடங்கிய என்.ஜி.சி. இரண்டும்தான் இந்தத் துறையில் பெரிய நிறுவனங்கள். நாணயம் அசலா என்று பார்த்து, 1 முதல் 70 வரை ஒரு தரம் போட்டு, கெட்டியான பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து மூடித் தருவார்கள். அந்த உறையைத்தான் ஸ்லாப் என்கிறோம். இந்த 70 புள்ளி அளவுகோலை 1949இல் வில்லியம் ஷெல்டன் கொண்டுவந்தார், அதுவும் அமெரிக்காவின் பழைய பெரிய செம்பு சென்ட்டுகளுக்காக. புழங்காத நாணயத்துக்கு எம்.எஸ். (மின்ட் ஸ்டேட், அதாவது அச்சடித்த நிலை) 60 முதல் 70 வரை. ஐந்து மடங்கு பெரிதாக்கிப் பார்த்தும் குறை தெரியாவிட்டால் 70.

படி 1: எந்த வகை என்று பாருங்கள்

சில்வர் ஈகிள் 1986 முதல் வருகிறது. முதலீட்டுக்காக லட்சக்கணக்கில் அடிக்கும் புல்லியன் வகையில் நாணயச்சாலை முத்திரை எழுத்து (எந்த நாணயச்சாலை அடித்தது என்று காட்டும் எழுத்து) இருக்காது. சேகரிப்பாளர்களுக்கான புரூஃப் வகையில் இருக்கும். அதன் தளம் கண்ணாடி போல மின்னும், உருவங்கள் பனி படர்ந்தாற்போல் மங்கலாக நிற்கும். 2021 நடுவில் பின்பக்க வடிவம் மாறியது, எனவே அந்த ஆண்டில் பழைய வடிவம், புது வடிவம் இரண்டும் உண்டு.

புல்லியனா புரூஃபா என்ற வித்தியாசம் முக்கியம். புல்லியன் நாணயங்கள் 20 வீதம் பிளாஸ்டிக் குழாயில் அடுக்கி, 500 கொண்ட பெட்டியாகத்தான் நாணயச்சாலையை விட்டு வெளியே வருகின்றன. ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்து வந்தவை. யார் கையும் படுமுன்பே சிறு கீறல் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம்.

படி 2: அசலா?

எடை 31.1 கிராம், விட்டம் 40.6 மில்லிமீட்டர், தடிமன் சுமார் 3 மில்லிமீட்டர். நகைக்கடைத் தராசும் ஒரு வெர்னியர் காலிப்பரும் போதும். மூன்றும் ஒருசேரப் பொருந்த வேண்டும், ஏனென்றால் வெள்ளியைவிட லேசான உலோகத்தில் அதே எடையைக் கொண்டுவர வேண்டுமானால் போலி செய்பவர் தடிமனையோ விட்டத்தையோ கூட்டியாக வேண்டும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள். செம்பின் மேல் வெள்ளி முலாம் பூசியதும் காந்தத்தில் ஒட்டாது. 2021 நடுவில் தொடங்கிய புது வடிவமானால் விளிம்பின் வரிகளில் ஓரிடத்தில் வேண்டுமென்றே ஓர் இடைவெளி விட்டிருப்பார்கள். அதையும் தேடுங்கள்.

படி 3: விளக்கின் கீழ் பாருங்கள்

மேசையில் மெத்தென்ற துணி விரியுங்கள். ட்யூப்லைட்டை அணைத்துவிட்டு ஒரே ஒரு மேசை விளக்கு. விளிம்பை மட்டும் பிடித்து, முதலில் வெறுங்கண்ணால், நாணயத்தை மெதுவாகச் சாய்த்துச் சாய்த்துப் பாருங்கள். வெளிச்சம் நாணயத்தின் மேல் வழுக்கிக்கொண்டு போகும்போது ஏதாவது ஓரிடத்தில் 'பளிச்' என்று தனியாக மின்னினால் அது கீறல். அப்புறம் ஐந்து மடங்கு லென்ஸ். லிபர்ட்டி பெண்ணுருவத்தின் மார்பு, முன்னே வைத்த கால், சூரியக் கதிர்களைச் சுற்றிய வெற்றிடம் ஆகியவற்றில்தான் உரசல் முதலில் தெரியும்.

பால் சிந்திக் காய்ந்தாற்போல் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா? சேகரிப்பாளர்கள் 'மில்க் ஸ்பாட்' என்று தலையில் அடித்துக்கொள்வது இதைத்தான். இது ஸ்லாப்புக்குள் போன பிறகும் வரக்கூடியது. பின்னால் வந்த புள்ளிக்கு நிறுவனத்தின் உத்தரவாதம் பொதுவாக உதவாது.

ஒரு குறை கண்ணில் பட்டாலே 70 என்ற நினைப்பை விட்டுவிடுங்கள். துடைத்துச் சரிசெய்துவிடலாம் என்று மட்டும் எண்ண வேண்டாம். துணி பட்டால் மயிரிழைக் கோடுகள் விழும், எண் தரமே தராமல் 'சுத்தம் செய்யப்பட்டது' என்று எழுதித் திருப்பி அனுப்புவார்கள்.

படி 4: கணக்கு

கிரேடிங் கட்டணம் மட்டும் செலவல்ல. உறுப்பினர் கட்டணம், ஒரு பார்சலுக்கான கையாளும் கட்டணம், போக வர அஞ்சல், காப்பீடு எல்லாம் உண்டு. வெளிநாட்டிலிருந்து அனுப்பினால் சுங்கம் வேறு. எல்லாவற்றையும் கூட்டி, அனுப்பும் நாணயங்களின் எண்ணிக்கையால் வகுங்கள். பிறகு அதே ஆண்டு நாணயம் ஸ்லாப் இல்லாமல், எம்.எஸ். 69இல், எம்.எஸ். 70இல் என்ன விலைக்கு விற்று முடிந்திருக்கிறது என்று பாருங்கள். கேட்கும் விலை வேண்டாம், விற்ற விலை.

புரிவதற்காக ஒரு கற்பனைக் கணக்கு: ஸ்லாப் இல்லாமல் 100 டாலர், மொத்தச் செலவு 60, எம்.எஸ். 69 விலை 115, எம்.எஸ். 70 விலை 190. 70 வந்தால் 30 லாபம், 69 வந்தால் 45 நட்டம். பத்து அனுப்பினால் ஆறு 70ஆக வந்தால்தான் கைக்காசு தேறும். விற்பனைத் தளத்தின் கமிஷனை இன்னும் கழிக்கவே இல்லை.

பெரிய வியாபாரிகளுக்கு மட்டும் எப்படிக் கட்டுகிறது? அவர்கள் நூற்றுக்கணக்கில் மொத்தக் கட்டணத்தில் அனுப்புகிறார்கள். அதற்கு முன்பே தேறாதவற்றை ஒதுக்கிவிடுகிறார்கள். அதனால்தான் அண்மைய ஆண்டு எம்.எஸ். 70ஐ ஸ்லாப்போடு அவர்களிடமே வாங்குவது, நாமே அனுப்பிப் பெறுவதைவிட மலிவாகக்கூட முடியும். நாணயச்சாலையின் முதல் மாத வெளியீடு என்று சொல்லும் 'ஃபர்ஸ்ட் ஸ்ட்ரைக்' லேபிளுக்கு ஒரு பைசா கூடுதலாகத் தர மாட்டேன். எது முதலில் அடிக்கப்பட்டது என்பதை அந்த லேபிள் சொல்வதில்லை, எப்போது வந்து சேர்ந்தது என்பதைத்தான் சொல்கிறது.

படி 5: எப்போது அனுப்பலாம்

அரிதானது, போலி அதிகம் உலவுவது, நுணுக்கமான வகை வேறுபாடு உள்ளது. இந்த மூன்றில் ஒன்றானால் அனுப்புங்கள், தரம் 69 ஆனாலும் பரவாயில்லை. 1995இன் 'டபிள்யூ' (வெஸ்ட் பாயின்ட் நாணயச்சாலை) முத்திரை புரூஃப் 30,125 மட்டுமே அடிக்கப்பட்டது. ஸ்லாப் இல்லாமல் யாரும் நம்பிக் காசு தர மாட்டார்கள்.

2008 'டபிள்யூ' முத்திரையோடு, புரூஃப் அல்லாத சேகரிப்பு நாணயம் வைத்திருப்பவர்கள் இப்போதே லென்ஸை எடுங்கள். பின்பக்கத்தில் 'யுனைடெட்' என்ற சொல்லின் முதல் எழுத்தான யூவைப் பாருங்கள். வலப்பக்கக் கோடு கீழே சிறு வால் போல நீண்டிருந்தால் அது வழக்கமான 2008. வால் இல்லாமல் கிண்ணம் போல வழுவழுவென்று வளைந்திருந்தால், தவறுதலாக 2007இன் பின்பக்க அச்சில் அடித்தது. அதற்கு விலையே தனி.

இந்திய நினைவு நாணயங்கள் வேறு கதை. தஞ்சைப் பெரிய கோயில் ஆயிரமாண்டு நினைவாக வந்த 1000 ரூபாய் நாணயம் போன்றவற்றை நாணயச்சாலையின் மூல உறையோடு கேட்டு வாங்குபவர்கள் இங்கே நிறைய. ஸ்லாப்புக்காக அந்த உறையைப் பிரித்தால் உள்ளூரில் விற்கும்போது சிரமப்படுவீர்கள்.

படி 6: அனுப்பாவிட்டால்

40.6 மில்லிமீட்டர் காப்ஸ்யூல் வாங்கி அதில் போடுங்கள். பி.வி.சி. உறை கூடாது, நாளடைவில் பச்சைப் பிசுக்கு படியும். காப்ஸ்யூலை ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். ஸ்லாப்போடு வாங்கியவர்கள் அதிலுள்ள சான்றிதழ் எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் போட்டு, ஆண்டும் தரமும் ஒத்துப்போகிறதா, படம் இருந்தால் அதுவும் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஸ்லாப்பிலும் போலி உண்டு.