மைஎஸ்கியூஎல்லில் இருந்து போஸ்ட்கிரெஸுக்கு: நைஃபை கொண்டு தரவை நகர்த்துவது எப்படி?

பழைய பயன்பாட்டின் தரவு மைஎஸ்கியூஎல் தரவுத்தளத்தில் இருந்தது. புதியதற்குப் போஸ்ட்கிரெஸ்கியூஎல். இரண்டும் சில வாரம் சேர்ந்தே ஓட வேண்டும் என்பதால், டம்ப் (மொத்தத் தரவின் நகல்) எடுத்து ஏற்றிவிட்டுக் கைகழுவ முடியவில்லை. அதனால்தான் அப்பாச்சி நைஃபை, அதாவது தரவை ஓரிடத்தில் இருந்து இன்னோரிடத்துக்குத் தொடர்ந்து அனுப்பும் கருவி. ஒரே தடவை நகர்த்தினால் போதும் என்பவர்கள் பிஜிலோடர் என்ற கருவியைப் பாருங்கள், அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம்.

நைஃபையை நிறுவிவிட்டீர்கள், உலாவியில் அதன் கேன்வாஸ் (வேலை செய்யும் திரை) திறக்கிறது என்று வைத்துக்கொள்கிறேன். (முதல் தடவை உள்நுழையக் கடவுச்சொல் கேட்டால் திகைக்க வேண்டாம். அது தானாக உருவாக்கிய பயனர்பெயரும் கடவுச்சொல்லும் லாக் கோப்பில் கிடக்கும்.) போய்ச் சேர வேண்டிய டேபிளைப் போஸ்ட்கிரெஸில் நீங்களே உருவாக்கி வையுங்கள்.

1. டிரைவர்

இரண்டு தரவுத்தளங்களுக்கும் ஜேடிபிசி டிரைவர் (நைஃபை தரவுத்தளத்தோடு பேச உதவும் நிரல்) ஜார் கோப்புகளை இறக்கி, தனிக் கோப்புறையில் போடுங்கள். நைஃபையின் லிப் கோப்புறைக்குள் போடச் சொல்பவர்கள் உண்டு, நான் போடமாட்டேன். அடுத்த பதிப்புக்கு மாறும்போது அங்கே போட்டது நினைவிலேயே இருக்காது.

2. இரண்டு இணைப்புகள்

கன்ட்ரோலர் சர்வீஸ் பகுதியில் 'டிபிசிபி கனெக்‌ஷன் பூல்' இரண்டு சேர்த்து, ஒவ்வொன்றிலும் இணைப்பு முகவரி, டிரைவரின் பெயர், ஜார் இருக்கும் பாதை, கடவுச்சொல் ஆகியவற்றைக் கொடுங்கள். இரண்டுக்கும் பளிச்சென்று வேறு வேறு பெயர் வையுங்கள். பிறகு எனேபிள் செய்யுங்கள். செய்யாவிட்டால் அடுத்த படியில் எதுவுமே ஓடாது.

மைஎஸ்கியூஎல் முகவரியின் வாலில் இரண்டு அமைப்புகளைச் சேர்த்துவிடுங்கள். ஒன்று, 'சீரோ டேட்டைம் பிஹேவியர்' என்பதற்கு 'கன்வெர்ட் டு நல்'. பழைய டேபிள்களில் 0000-00-00 என்ற தேதி எங்காவது ஒளிந்திருக்கும், டிரைவர் அதைக் கண்டதும் பிழை காட்டி நின்றுவிடும். இன்னொன்று, 'யூஸ் கர்சர் ஃபெட்ச்' என்பதற்கு ட்ரூ. இது இல்லையென்றால் நீங்கள் ஃபெட்ச் சைஸ் (ஒரு தடவைக்கு எத்தனை பதிவு எடுப்பது) எவ்வளவு கொடுத்தாலும் டிரைவர் மொத்த முடிவையும் நினைவகத்தில் ஏற்றப் பார்க்கும்.

3. எடுப்பது

'க்வெரி டேட்டாபேஸ் டேபிள் ரெக்கார்ட்' பிராசசரை (ஒரு வேலையைச் செய்யும் பெட்டி) இழுத்துப் போடுங்கள். டேபிள் பெயர், ரெக்கார்ட் ரைட்டர் (ஆவ்ரோ என்ற தரவு வடிவம் போதும்), ஃபெட்ச் சைஸ், ஒரு ஃப்ளோஃபைலுக்கு (நைஃபைக்குள் நகரும் ஒரு தரவுப் பொதி) 10,000 பதிவுகள் என்று நிரப்புங்கள். 'யூஸ் ஆவ்ரோ லாஜிகல் டைப்ஸ்' என்பதை ட்ரூ ஆக்குங்கள், தேதிகள் தேதிகளாகவே போகும்.

முக்கியமானது 'மேக்சிமம் வேல்யூ காலம்ஸ்'. ஐடியைக் கொடுத்தால் புதிதாகச் சேர்ந்தவை மட்டும் வரும். கடைசியாகத் திருத்திய நேரம் உள்ள நெடுவரிசையைக் கொடுத்தால் திருத்தங்களும் வரும். நான் இரண்டாவதைத்தான் வைத்தேன்.

4. சேர்ப்பது

'புட் டேட்டாபேஸ் ரெக்கார்ட்'. ரீடராக ஆவ்ரோ, ஸ்டேட்மென்ட் டைப் 'அப்செர்ட்' (பதிவு இருந்தால் திருத்தும், இல்லாவிட்டால் சேர்க்கும்), டேட்டாபேஸ் டைப் போஸ்ட்கிரெஸ்கியூஎல். அதை ஜெனரிக் என்றே விட்டால் அப்செர்ட் வேலை செய்யாது. டேபிளில் பிரைமரி கீ (ஒவ்வொரு பதிவையும் தனித்துக் காட்டும் நெடுவரிசை) இருக்க வேண்டும்.

5. நான் முட்டிக்கொண்ட இடம்

முதல் ஓட்டத்தில் ஒரு நெடுவரிசையின் வகை பொருந்தவில்லை, பாதிப் பதிவுகள் சேரவில்லை. சரி, சுத்தமாகத் தொடங்கலாம் என்று போஸ்ட்கிரெஸ் டேபிளைக் காலிசெய்தேன், வகையை மாற்றினேன், மறுபடி ஓடவிட்டேன். ஒரு பதிவுகூட வரவில்லை. பிழைச் செய்தியும் இல்லை. இணைப்பைச் சோதித்தேன், அனுமதிகளைப் பார்த்தேன், நைஃபையையே நிறுத்தித் தொடங்கினேன். அப்போதும் பூஜ்யம்தான்.

காரணம் இதுதான். எடுக்கும் பிராசசர் தான் கண்ட அதிகபட்ச மதிப்பைத் தன் 'ஸ்டேட்'டில் குறித்து வைத்துக்கொள்கிறது. அடுத்த முறை அதற்கு மேற்பட்டதை மட்டுமே கேட்கும். மறுதொடக்கம் செய்தாலும் அந்தக் குறிப்பு அழியாது. அந்தப் பக்கம் டேபிளை நான் காலிசெய்தது அதற்கு எப்படித் தெரியும்? பிராசசரை நிறுத்தி, வலது சொடுக்கில் 'வியூ ஸ்டேட்' போய், 'கிளியர் ஸ்டேட்' கொடுத்தால் முதலில் இருந்து எடுக்கும்.

இதிலேயே இன்னொரு பள்ளம் இருக்கிறது. பிராசசர் குறித்து வைப்பது எடுத்ததைத்தான், போய்ச் சேர்ந்ததை அல்ல. சேர்ப்பதில் தோற்ற பதிவுகளை அது திரும்ப எடுக்காது. ஆகவே தோற்றவை போகும் 'ஃபெயிலியர்' வழியை 'ஆட்டோ டெர்மினேட்' (வந்ததை அங்கேயே கைவிடுவது) செய்யாதீர்கள். பல வழிகாட்டிகளில் அப்படித்தான் டிக் போடச் சொல்வார்கள், திரையும் சுத்தமாகத் தெரியும். ஆனால் அந்தப் பதிவுகள் சத்தமில்லாமல் போய்விடும். நான் ஃபெயிலியரை வேறொரு பிராசசருக்கு இழுத்து, அதை ஓடவிடாமல் வைத்திருக்கிறேன். தோற்றவை வரிசையில் தேங்கி நிற்கும். உள்ளே திறந்து பார்க்கலாம், சரிசெய்தபின் திரும்ப அனுப்பலாம்.

பின்சேர்க்கை 1: அவ்வப்போது ஓரிரு பதிவுகள் விடுபடுகின்றன என்று ஒருவர் எழுதியிருந்தார். ஒரே நொடியில் இரண்டு பதிவுகள் திருத்தப்பட்டு, அவற்றுக்கு நடுவில் பிராசசர் ஓடினால், இரண்டாவது சிக்காது. அது கேட்பது 'அதைவிடப் பெரியது' மட்டும்தான். 'அடிஷனல் வேர் கிளாஸ்' பெட்டியில், திருத்திய நேரம் இப்போதைக்குப் பத்து நொடி முந்தியதாக இருக்க வேண்டும் என்று ஒரு நிபந்தனை போடுங்கள். பழைய பயன்பாட்டில் நீண்ட டிரான்சாக்‌ஷன்கள் இருந்தால் இடைவெளியை இன்னும் கூட்டுங்கள்.

பின்சேர்க்கை 2: எல்லாம் முடிந்து புதிய பயன்பாட்டில் முதல் பதிவைச் சேர்த்ததுமே 'டூப்ளிகேட் கீ' பிழை வருகிறதா? ஐடிகளை நாமே கொடுத்துச் சேர்த்ததால் போஸ்ட்கிரெஸின் சீக்வென்ஸ் (அடுத்த ஐடியைத் தரும் எண்ணி) நகரவே இல்லை, இன்னும் 1-இல் நிற்கிறது. 'செட்வேல்' கொண்டு டேபிளில் உள்ள மிகப்பெரிய ஐடிக்கு அதைத் தள்ளிவிடுங்கள். பழைய பயன்பாட்டை நிறுத்தி, கடைசி ஓட்டம் முடிந்தபிறகு செய்தால் ஒரு தடவை போதும்.

பின்சேர்க்கை 3: மைஎஸ்கியூஎல்லில் அழித்த பதிவுகள் இந்த முறையில் போஸ்ட்கிரெஸில் அழியாது. இல்லாத பதிவை எந்த க்வெரி எடுக்கும்? என் டேபிள்களில் அழிப்பதற்குப் பதில் ஒரு அடையாளக் குறி போடும் பழக்கம் இருந்ததால் தப்பித்தேன். உங்களுக்கு உண்மையாகவே அழிக்கும் டேபிள் என்றால், பின்லாக்கை (மைஎஸ்கியூஎல் தன் மாற்றங்களை எழுதிவைக்கும் பதிவேடு) படிக்கும் டெபீசியம் போன்ற ஒன்றைப் பாருங்கள்.