மியூஸ்ஸ்கோரில் பக்கம் அமைக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

இசைக்குறிப்பு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரில் நான்கு குரல் பாட்டு ஒன்றை அடித்து முடித்தால், கடைசி இரண்டு பார் (தாளக் கட்டம்) மட்டும் மூன்றாம் பக்கத்தில் தனியாகப் போய் நிற்கும். உடனே கை எங்கே போகும்? பேஜ் செட்டிங்ஸில் ஸ்டாஃப் ஸ்பேஸைக் குறைக்கத்தான். தவறு அங்கேதான் தொடங்குகிறது.

ஸ்டாஃப் ஸ்பேஸ் என்பது ஸ்டாஃப் எனப்படும், நோட்டுகள் உட்காரும் ஐந்து கோடுகளில் அடுத்தடுத்த இரண்டுக்கு நடுவே உள்ள தூரம். 1.75 மி.மீ. என்றால் ஸ்டாஃபின் உயரம் 7 மி.மீ. அதை 1.3 ஆக்கினால் 5.2 ஆகிவிடும். மற்ற இடைவெளிகளும் பெரும்பாலும் இதன் மடங்காகவே கணக்கிடப்படுவதால் எல்லாமே சேர்ந்து சுருங்கும். திரையில் பெரிதாக்கிப் பார்க்கும் நமக்கு இது தெரியாது. அச்செடுத்துக் கொடுத்த பிறகு, டெனர் வரிசையில் இருப்பவர்கள் தாளை மூக்கருகே கொண்டுபோகும்போதுதான் தெரியும். அந்த இரண்டு பாருக்கு முந்தைய சில வரிகளைத் தேர்ந்தெடுத்து { விசையை அழுத்திப் பாருங்கள். பார்கள் நெருங்கி, பல சமயம் மிச்சமும் மேலே ஏறிவிடும்.

நோட்டுகளுக்குக் கீழே தமிழ்ப் பாடல் வரிகள் இருந்தால் நெருக்க அதிகம் இடம் இருக்காது. 'ஸ்தோத்' என்ற ஒரே அசை ஒரு கால் நோட்டுக்குக் கீழே எவ்வளவு அகலம் பிடிக்கிறது என்று பாருங்கள்! நோட்டைத் தள்ளுவது அந்த எழுத்துதான். டெக்ஸ்ட் ஸ்டைல்ஸில் பாடல் வரிகளுக்கு ஒடுங்கிய தமிழ் எழுத்துருவைக் கொடுங்கள். ஒற்றைப்படை வரிக்கும் இரட்டைப்படை வரிக்கும் தனித்தனி ஸ்டைல் உண்டு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு, இரண்டாம் சரணம் ஏன் பழைய எழுத்திலேயே நிற்கிறது என்று நான் ஒரு மாலை முழுக்கத் தேடியிருக்கிறேன்.

அடுத்தது, நான்கு பாருக்கு ஒரு முறை என்டர் தட்டி வரியை முறிக்கும் (பிரேக்) பழக்கம். பார்க்க ஒழுங்காகத்தான் இருக்கும். பிறகு அளவைக் கொஞ்சம் கூட்டினால் வரிக்கு மூன்று பார்தான் கொள்ளும். நான்காவது பார் அடுத்த வரியில் ஒற்றையாக, பக்க அகலத்துக்கும் இழுபட்டுக் கிடக்கும். அப்புறம் எல்லா பிரேக்கையும் அழிக்க வேண்டியதுதான். வரி முறிப்பைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்ளுங்கள்.

"சிஸ்டங்களுக்கு நடுவே உள்ள குறைந்தபட்ச தூரத்தை மாற்றினேன், ஒன்றும் அசையவில்லை" என்று பலர் சொல்வதுண்டு. சிஸ்டம் என்பது சேர்ந்து பாடும் குரல்களின் ஸ்டாஃப்கள் ஒன்றாக நிற்கும் ஒரு வரி. 3.6 பதிப்பில் வந்த வெர்டிகல் ஜஸ்டிஃபிகேஷன் அங்கே ஆனில் இருக்கும். பக்கத்தை நிரப்ப மென்பொருளே சிஸ்டங்களைப் பரப்பிவிட்டதால் குறைந்தபட்ச எண்ணுக்கு வேலையே இல்லை. ஸ்டைலில் பேஜ் பகுதிக்குப் போய் அதை அணைத்துவிட்டு எண்ணைத் தொடுங்கள், அல்லது அதிகபட்ச தூரத்தைக் குறையுங்கள். இது புரியாமல் ஸ்டாஃப்களை ஒவ்வொன்றாக மவுஸால் இழுத்தால், நடுவில் ஒரு பார் சேர்த்தாலும் அத்தனை உழைப்பும் இடம் மாறிப்போகும்.

தாள் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள். இறக்கிய கோப்புகளில் பல லெட்டர் அளவில், அதாவது 216 × 279 மி.மீ.யில் இருக்கும். நம் கடைகளில் கிடைப்பது 210 × 297, ஏ4. ஜெராக்ஸ் கடைக்காரர் "ஃபிட் டு பேஜ்" தட்டினால் நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 7 மி.மீ. ஸ்டாஃப் உயரம் அங்கே கொஞ்சம் குறைந்துவிடும்.