போட்டிச் சட்டப் பொருளியலாளர் ஆக நினைப்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எம்.ஏ. பொருளியல் முடித்துவிட்டு, நிறுவனங்கள் சந்தையில் நியாயமாகப் போட்டியிடுகின்றனவா என்று பார்க்கும் போட்டிச் சட்டத் துறைக்கு வருகிற பலருக்கு ஸ்டேட்டா, ஆர், பைதான் போன்ற புள்ளிவிவர மென்பொருள்கள் எல்லாம் அத்துப்படி. ஆனால் இந்தச் சட்டத்தை அமல்படுத்தும் இந்தியப் போட்டி ஆணையத்தின் ஓர் உத்தரவைக்கூட முதலிலிருந்து கடைசிவரை படித்திருக்க மாட்டார்கள். நான் பார்த்தவரை பெரிய தவறு இதுதான். ஆணையமோ, வக்கீல் நிறுவனமோ, கன்சல்டன்சியோ, எங்கே வேலை பார்த்தாலும் நம்மிடம் வருகிற கேள்வி சட்டத்தின் வாசகத்திலிருந்துதான் பிறக்கிறது.

2002-ஆம் ஆண்டுப் போட்டிச் சட்டத்தில் 3-ஆம் பிரிவு கார்டெல் (போட்டியாளர்கள் கூடிப் பேசி விலையை முடிவு செய்வது) முதலான ஒப்பந்தங்களுக்கு. 4-ஆம் பிரிவு ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதற்கு. 5, 6-ஆம் பிரிவுகள் நிறுவன இணைப்புகளுக்கு. ஒவ்வொன்றிலும் நம் வேலை வேறு. போட்டியாளர்கள் கூடி விலை பேசியது நிரூபணமானால், போட்டிக்குப் பாதிப்பு உண்டு என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். இல்லை என்று காட்டுவது அவர்கள் பாடு. 4-ஆம் பிரிவில் அந்த வசதி கிடையாது. ஆம்ப்யூல் என்கிற சிறிய மருந்துக் குப்பிகள் செய்யப் பயன்படும் கண்ணாடிக் குழாய்களுக்குத் தந்த தள்ளுபடி பற்றிய ஷாட் கிளாஸ் வழக்கில், பாதிப்பை ஆராயாமல் 4-ஆம் பிரிவின் கீழ் குற்றம் காண முடியாது என்று 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. இது தெரியாமல் ரெக்ரெஷன் என்கிற புள்ளியியல் கணக்கில் இறங்கினால், யாரும் கேட்காத கேள்விக்கு அழகான பதில் எழுதிக்கொண்டிருப்போம்.

அடுத்தது, ஒரே விலையைப் பார்த்ததும் கார்டெல் என்று முடிவு கட்டுவது. எரிவாயு சிலிண்டர் வழக்கை இதற்காகவே படிக்கலாம். 14.2 கிலோ சிலிண்டர்களுக்கு இந்தியன் ஆயில் 2010-ல் டெண்டர் விட்டது. பல நிறுவனங்கள் ஒரே மாதிரி விலை கொடுத்திருந்தன. டெண்டருக்குச் சற்று முன்புதான் தயாரிப்பாளர்கள் பலர் மும்பையில் கூடியிருந்தார்கள். 2012-ல் ஆணையம் 45 நிறுவனங்களைக் குற்றவாளிகள் என்றது. மேலோட்டமாகப் பார்த்தால் இதில் சந்தேகப்பட என்ன இருக்கிறது என்றுதான் தோன்றும். ஆனால் 2018-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. காரணம், அந்தச் சந்தை இயங்கும் விதம். அந்தச் சிலிண்டரை வாங்குபவை மூன்றே மூன்று எண்ணெய் நிறுவனங்கள்; வேறு யாருக்கும் விற்க முடியாது. பொருளில் வித்தியாசம் இல்லை, செலவு எல்லோருக்கும் ஏறக்குறைய தெரியும். குறைந்த விலை கொடுத்தவரோடும் பேரம் பேசி விலையை இறக்கும் பலம் வாங்குபவரிடம் இருந்தது. இப்படிப்பட்ட இடத்தில் யாரும் யாரோடும் பேசாமலே விலைகள் ஒன்றாகிவிடலாம். எனக்கு இந்தத் தீர்ப்பின் எல்லா வரியும் உடன்பாடு என்று சொல்ல மாட்டேன். அந்த மும்பைக் கூட்டத்துக்கு இன்னும் எடை கொடுத்திருக்கலாம். ஆனாலும் விலைப் பட்டியலைத் திறக்கும் முன் வாங்குபவர் யார், அவர் எப்படி வாங்குகிறார் என்று கேட்க வேண்டும் என்பதில் மறுபேச்சு இல்லை.

சந்தையை வரையறுக்கும்போது, அதாவது எந்தெந்தப் பொருள்கள் ஒன்றோடொன்று போட்டியிடுகின்றன என்று முடிவு செய்யும்போது, சறுக்குபவர்களும் நிறைய. விலையை 5 அல்லது 10 சதவீதம் ஏற்றினால் வாடிக்கையாளர் வேறு பொருளுக்குப் போவாரா என்று பார்ப்பது வழக்கம். இணைப்பு வழக்குகளில் இது சரி. ஆதிக்க நிலை வழக்கில் இன்றைய விலையே அந்த ஆதிக்க நிறுவனம் ஏற்கெனவே ஏற்றி வைத்ததாக இருக்கலாம். செலோஃபேன் என்கிற கண்ணாடித்தாளில் ஏகபோகம் செய்ததாக வந்த வழக்கில், அமெரிக்காவில் 1956-ல் டுபாண்ட் நிறுவனம் ஜெயித்தது இந்த ஓட்டை வழியாகத்தான். செலோஃபேன் விலை ஏறினால் மக்கள் மெழுகுத்தாள் போன்றவற்றுக்கு மாறுகிறார்கள், அதனால் எல்லாம் ஒரே சந்தை என்று நீதிமன்றம் ஏற்றது. விலை அவ்வளவு உயரத்தில் இருந்ததால்தான் அந்த மாற்றுகள் மாற்றாகத் தெரிந்தன என்பதைப் பொருளியலாளர்கள் அப்புறம் சுட்டிக்காட்டினார்கள். சூத்திரம் ஒன்றுதான் என்று இன்னமும் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்கள் இருக்கிறார்கள்.

டேட்டா விஷயத்தில் அவசரம் ஆகவே ஆகாது. சிமென்ட்டை எடுத்துக்கொள்வோம். இன்வாய்ஸில் மூட்டைக்கு ஒரு விலை இருக்கும். மாதக் கடைசியிலோ காலாண்டுக் கடைசியிலோ டீலருக்குத் தள்ளுபடி தனி கிரெடிட் நோட்டாக (பாக்கியில் கழித்துக்கொள்ளும் சீட்டாக) போகும். அது வேறு ஃபைலில் கிடக்கும். சில வரிகளில் லாரி வாடகை சேர்ந்திருக்கும், சிலவற்றில் சேர்ந்திருக்காது. இதையெல்லாம் பிரிக்காமல் இரண்டு மாவட்டங்களின் விலையை ஒப்பிட்டு, ‘இங்கே போட்டி குறைவு’ என்று எழுதினால், நீங்கள் அளந்தது லாரி வாடகையாகக்கூட இருக்கும். கம்பெனியின் விற்பனைப் பிரிவு ஆளிடம் ஒரு மணி நேரம் உட்கார்ந்து பேசினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீர்ந்துவிடும். இளைஞர்கள் பலர் அதைச் சில்லறை வேலை என்று நினைப்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

சட்டப் பட்டம் இல்லாமல் இங்கே வர முடியாது என்று சிலர் தயங்குகிறார்கள். தேவையே இல்லை. ஆணையமே சட்டம், பொருளியல், நிதி என்று தனித்தனிப் பிரிவுகளில் ஆள் எடுக்கிறது. பெரிய தொழில்நுட்ப நிறுவன வழக்குகள் மட்டும்தான் வேலை என்று நினைத்து வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: மருந்து, மோட்டார் உதிரிபாகம், விதை, சினிமா தியேட்டர் என்று எல்லாம் இந்த மேசைக்கு வரும். சன் பார்மா, ரான்பாக்ஸி இணைப்பை 2014-ல் ஆராய்ந்தபோது மருந்து மூலக்கூறு வாரியாகச் சந்தையைப் பிரித்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கடைசியாக, கட்சிக்காரர் விரும்புவதை எழுதிக் கொடுப்பது. வக்கீல் கட்சிக்காக வாதாடலாம், அது அவர் தொழில். நிபுணர் அறிக்கையில் கையெழுத்துப் போடுகிறவர் அப்படிச் செய்யக் கூடாது. பாதகமான முடிவு வந்தால் முதலில் வக்கீலிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். அறிக்கை வேண்டாம் என்று அவர் முடிவெடுத்தாலும் பரவாயில்லை. தரவில் எதை நீக்கினீர்கள், ஏன் நீக்கினீர்கள் என்பதையும் அறிக்கையிலேயே எழுதிவிடுங்கள். இந்தத் துறை சின்னது. இன்று ஒரு கம்பெனிக்காக ஆன்லைன் விற்பனையும் கடை விற்பனையும் ஒரே சந்தை என்று எழுதிவிட்டு, இரண்டு வருடம் கழித்து இன்னொரு கம்பெனிக்காக வேறு வேறு என்று காரணமில்லாமல் எழுதினால், குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் இரண்டு அறிக்கைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிப்பார்.