எழுவான்கரையில் விடிய, படுவான்கரையில் பொழுதுபட: மட்டக்களப்பு வாவியோரம் சைக்கிளில் ஒரு நாள்

மட்டக்களப்பில் வாவியோரமாகச் சைக்கிளுக்கென்றே ஒரு பாதை போட்டிருப்பார்கள் என்று நினைத்து வந்தால் ஏமாந்துபோவீர்கள். அப்படி ஒன்றும் இல்லை. கடலோர மண் ஒழுங்கை, பழைய இரும்புப் பாலம், வாவியை ஒட்டிப் போகும் சின்ன வீதிகள், நடுவில் வேறு வழியில்லாமல் கொஞ்சம் பிரதான வீதி என்று நீங்களாகத்தான் தொடுத்துக்கொள்ள வேண்டும். தொடுத்துக்கொண்டால் ஏறக்குறைய 40 கிலோமீற்றர் வரும். மேடு என்று சொல்ல ஒன்றுமில்லை, பாலங்களின் ஏற்றம்தான். ஆகவே தூரத்தை நினைத்துப் பயப்படாதீர்கள். இங்கே ஆளைக் களைக்க வைப்பது வெயிலும் காற்றும்தான்.

அதனால் எந்த இடம் முதலில் என்பதைச் சூரியனிடம் விட்டுவிடுங்கள். எங்கள் ஆட்கள் அந்தக் காலத்திலேயே அப்படித்தான் திசை பிரித்திருக்கிறார்கள். வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள நிலம் எழுவான்கரை, வாவிக்கு மேற்கே படுவான்கரை. காலையில் கடல் பக்கம், பின்னேரம் வாவி பக்கம் என்று வைத்துக்கொண்டால் நாள் தானாக அமையும். மாறிப் போனவர்கள் மத்தியான வெயிலில் கடற்கரை மணலில் சைக்கிளை உருட்டிக்கொண்டு நிற்பார்கள், பார்த்திருக்கிறேன்.

எந்த மாதம்? மாசி முதல் சித்திரை வரை நல்லது. கார்த்திகை, மார்கழியில் மழை, சில ஆண்டுகளில் வெள்ளமும். ஆனி தொடக்கம் ஆவணி வரை கச்சான் காற்று மேற்கிலிருந்து சூடாக, காய்ந்து அடிக்கும். (கச்சான் என்றதும் கொறிக்கிற நிலக்கடலைக் கச்சானை நினைத்தவர்கள் அதையும் ஒரு சுருள் வாங்கிப் பையில் வையுங்கள், உதவும்.) அந்த மாதங்களில் ஓடவே கூடாது என்றில்லை, ஆனால் மேற்கே முகம் வைத்து மிதிக்கும்போது சைக்கிளை யாரோ பின்னால் பிடித்து இழுப்பதுபோல இருக்கும்.

கியர் சைக்கிள் தேவையில்லை. வீட்டில் நிற்கிற சாதாரண லுமாலா சைக்கிள் போதும். முதல் நாளே பிரேக்கைப் பாருங்கள், சங்கிலிக்கு ஒயில் விடுங்கள், டயரை விரலால் அமத்திப் பாருங்கள். போத்தல் இரண்டு, தொப்பி, ஒரு துவாய். மாற்று டியூப் ஒன்று கரியரில் கட்டிக்கொள்ளச் சொல்வேன், காரணம் கீழே வருகிறது.

ஆறு மணிக்கு முன்பே கல்லடிக் கடற்கரையில் நில்லுங்கள். சூரியன் கடலுக்குள்ளிருந்து எழும்பி வருவதைப் பார்த்துவிட்டு வடக்கே திரும்பினால் திருச்செந்தூர் முருகன் கோயில் வரும். 2004 சுனாமியில் அதன் கோபுரம் சாய்ந்ததை இந்தப் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. அங்கிருந்து டச்பார். போர்த்துக்கேயக் கலப்பு மொழியை வீட்டில் பேசிய பறங்கியர் (ஐரோப்பியர் வழிவந்த கலப்பினத்தவர்) குடும்பங்கள் வாழ்ந்துவந்த இடம் இது. பிறகு நாவலடி. ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி, நடுவில் ஒடுங்கிய மணல் துண்டு. அந்தத் துண்டின் மேல்தான் சுனாமி ஏறிப் போனது. இறந்தவர்களுக்கான நினைவிடத்தில் இறங்கிச் சற்று நின்றுவிட்டுப் போங்கள், அதன் முன்னால் சைக்கிளைச் சாய்த்து வைத்துப் படம் எடுக்க வேண்டாம்.

முகத்துவாரம் பக்கம் நெருங்கும்போது எதிரே வெளிச்சவீடு தெரியும். தண்ணீரைத் தாண்டினால் வந்துவிடலாம் போல இருக்கும், சைக்கிளில் போவதென்றால் ஊரைச் சுற்றி வரவேண்டும். அவசரம் வேண்டாம், அது இரண்டாவது கட்டம்.

இந்த இடத்தில்தான் எனக்கு ஒரு முறை காற்றுப் போனது. மணல் இறுகிக் கிடக்கிறது என்று வீதியை விட்டு இறங்கி ஓடினேன், நெருஞ்சி முள் பின் டயரில் வரிசையாக ஏறிவிட்டது. கல்லடி வரை உருட்டிக்கொண்டுதான் வந்தேன். ஒட்டுப் போட்ட பெரியவர் டியூபைத் தண்ணீர் வாளிக்குள் அமத்தி, குமிழி வந்த இடமெல்லாம் பென்சிலால் வட்டம் போட்டார். ஒன்று, இரண்டு, நான்காவது வட்டத்தோடு நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்த்து, “என்ன மனே, முள்ளுப் பொறுக்கவா போனநீ?” என்றார். ஐந்தாவது வட்டத்தைப் போடாமலே புது டியூப் ஒன்றை எடுத்து நீட்டினார். ஆகவே தார் வீதியை விட்டு இறங்காதீர்கள், மாற்று டியூபையும் மறக்காதீர்கள்.

திரும்பி வரும் வழியில் கல்லடியிலேயே காலைச் சாப்பாடு. இடியப்பம், சொதி, சம்பல் போதும். பரோட்டாவை வயிற்றில் கட்டிக்கொண்டு சைக்கிள் மிதிப்பது கஷ்டம். உப்போடையில் சிவானந்தா வித்தியாலயத்துப் பக்கம் விபுலாநந்த அடிகளின் சமாதி இருக்கிறது. காரைதீவில் 1892 இல் பிறந்து 1947 இல் மறைந்தவர். பத்து நிமிடம் எடுத்துப் போய்வரலாம்.

இனிப் பாலம். வாகனங்கள் 2013 இல் திறந்த புதுப் பாலத்தில் போகும். நீங்கள் பக்கத்திலிருக்கிற பழைய இரும்புப் பாலத்தில் ஏறுங்கள். 1924 இல் கட்டியது, ஆளுநர் மனிங்கின் மனைவி பெயரால் லேடி மனிங் பாலம், ஊராருக்குக் கல்லடிப் பாலம். நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் ஹோர்ன் தொல்லை இல்லாமல் விட்டிருக்கிறது. ஆனால் வேகமாக ஓடாதீர்கள். தூண்டில் போடுகிறவர்கள் கம்பியோரம் நின்றபடி தூண்டிலைப் பின்னால் வீசி எறிவார்கள், கொழுவி உங்கள் சட்டையில் மாட்டினால் பிழை உங்களுடையதுதான்.

பாலம் தாண்டி அரசடி, கோட்டைமுனை, பிறகு புளியந்தீவு. தீவென்றால் உண்மையாகவே தீவுதான், சுற்றிலும் வாவி. 1628 இல் போர்த்துக்கேயர் கட்டி 1638 இல் ஒல்லாந்தர் பிடித்த கோட்டை இங்கேதான். அதை எதிர்க்கரையிலிருந்து பாருங்கள். பக்கத்தில் நின்றால் சுவர்தான் தெரியும், தண்ணீருக்கு இந்தப் பக்கம் நின்றால் அது ஏன் அந்த மூலையில் கட்டப்பட்டது என்பது விளங்கும். 1814 இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873 இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி எல்லாம் இந்தச் சின்னத் தீவுக்குள்தான். பள்ளிக்கூடம் தொடங்குகிற, விடுகிற நேரங்களில் மட்டும் இந்த வீதிகளில் ஓடாதீர்கள், முச்சக்கரவண்டிகளுக்கு நடுவில் நசிந்துபோவீர்கள்.

அங்கிருந்து வடக்கே பாலமீன்மடு வெளிச்சவீடு 5 கிலோமீற்றர் அளவில். அமிர்தகழியில் மாமாங்கேஸ்வரர் கோயில், தீர்த்தக்குளம். குளக்கரை மரநிழலில் அரை மணி நேரம் இருங்கள். ஆடி அமாவாசைத் தீர்த்தத்தன்று மட்டும் இந்தப் பக்கம் சைக்கிளோடு வரவேண்டாம், கால் வைக்கவே இடமிருக்காது. வெளிச்சவீடு 1913 இல் கட்டியது, 28 மீற்றர் உயரம். போகும் வழியில் கண்டல் மரங்கள் அடர்ந்த ஓரங்கள் வரும். குளிர்மையாக இருக்கிறதென்று தண்ணீருக்குள் காலை விடாதீர்கள். வாவியில் முதலை உண்டு, இது பயமுறுத்தச் சொல்வதில்லை.

பதினொன்றரை மணியிலிருந்து மூன்று மணி வரை ஓடாதீர்கள். இதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். சோறும் நண்டுக் கறியும், அது முடிய எருமைத் தயிரும் பாணியும், பிறகு ஒரு குட்டித் தூக்கம். வெளியூர் ஆளென்றால் இந்த நேரத்தில் யாராவது உங்களைப் பார்த்து, மட்டக்களப்பில் வந்தவரைத் திரும்பிப் போகவிடாமல் பாயோடு ஒட்டிவிடுவார்கள் என்று பகிடி விடுவார்கள். தயிருக்குப் பிறகு அது உண்மையாகவும் இருக்கும்.

மூன்று மணிக்குப் பிறகு தெற்கே. காத்தான்குடி நடுவீதியில் பேரீச்சை மரங்கள் வரிசையாக நிற்கும். வாகன நெரிசல் அதிகம், வாவிக்கரைப் பக்க ஒழுங்கைகளுக்குள் இறங்கிப் போனால் நிம்மதி. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஜும்ஆவுக்குக் கடைகள் மூடியிருக்கும், நோன்பு மாதத்தில் பகலில் சாப்பாட்டுக் கடை தேடாதீர்கள். ஆரையம்பதி தாண்டியதும் வலது பக்கம் திரும்பினால் மண்முனைப் பாலம். 2014 இல்தான் திறந்தார்கள். அதற்கு முன் இங்கே ‘பாதை’ ஓடியது. எங்கள் பக்கத்தில் பாதை என்றால் ஆட்களையும் சைக்கிளையும் மாட்டையும் ஏற்றிக்கொண்டு வாவியைக் கடக்கும் மிதவை. அதைத் தவறவிட்டால் அடுத்தது வரும் வரை துறையில் குந்தியிருக்க வேண்டியதுதான்.

பாலத்தில் ஒதுங்க ஒரு மரமில்லை, கச்சான் காலமென்றால் முகத்திலேயே அடிக்கும். குனிந்து மெதுவாக மிதியுங்கள், வரும்போது அதே காற்று தள்ளிக்கொண்டு வந்து விடும். காலில் பலம் மிச்சமிருந்தால் படுவான்கரையில் கொக்கட்டிச்சோலை தான்தோன்றீஸ்வரர் கோயில் வரை போகலாம். இல்லாவிட்டால் பாலத்தின் நடுவில் நின்று, தோணிக்காரர் வீச்சுவலையை வட்டமாக விரித்து எறிவதைப் பார்த்துவிட்டுத் திரும்புங்கள். ஐந்து மணிக்குத் திரும்பினால்தான் பொழுதுபடக் கல்லடிப் பழைய பாலத்தில் நிற்கலாம். இருட்டிவிட்டால் பிரதான வீதியில் பின் விளக்கில்லாமல் ஓடாதீர்கள், பஸ்காரருக்கு நீங்கள் தெரிய மாட்டீர்கள்.

பூரணை நாளென்றால் உடனே வீட்டுக்குப் போகாதீர்கள். பாடும் மீனை, அதாவது வாவித் தண்ணீருக்கடியிலிருந்து வரும் இசைபோன்ற ஒலியை, பாலத்தில் நின்று கேட்கலாம் என்று வருகிறவர்கள் பாதிப்பேர் பஸ் சத்தத்தைக் கேட்டுவிட்டுப் போகிறார்கள். சந்தடி அடங்கிய பிறகு ஒரு தோணியில் இறங்கி, துடுப்பின் ஒரு நுனியைத் தண்ணீருக்குள் விட்டு மறு நுனியில் காதை வைக்க வேண்டும். தோணிக்காரரிடம் கூலியை முதலே பேசிக்கொள்ளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் எவ்வளவு களைப்பானாலும் சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்து, சங்கிலிக்கு மறுபடி ஒயில் விடுங்கள். நாவலடி உப்புக் காற்று இரண்டு நாளில் சங்கிலியைச் செம்மண் நிறமாக்கிவிடும்.