பாட் எம்ஸ் ஊரைப் படிப்பது எப்படி? நிலத்துக்கு அடியிலிருந்து தொடங்கும் செய்முறை

ஜெர்மனி வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், பெயருக்கு முன்னால் "பாட்" ஒட்டிக்கொண்டிருக்கும் ஊர்கள் நிறையக் கண்ணில் படும். பாட் என்றால் குளியல். ஊர்க்காரர்கள் ஆசைப்பட்டு வைத்துக்கொள்ளும் பெயர் இல்லை அது, தண்ணீரும் வைத்திய வசதியும் இருக்கிறது என்று காட்டி அரசிடம் வாங்கவேண்டிய பட்டம். அப்படிப்பட்ட ஊர் ஒன்றின் வரலாற்றையும் நிலவியலையும் ஆரம்ப நிலையில் இருப்பவர் எப்படிப் படிக்கலாம் என்று இங்கே படிப்படியாகச் சொல்கிறேன். எடுத்துக்கொண்ட ஊர் பாட் எம்ஸ். மக்கள்தொகை பத்தாயிரத்தை ஒட்டித்தான் இருக்கும், ஆனால் இரண்டு உலகப் பாரம்பரியப் பட்டியல்களில் இடம் பிடித்திருக்கிறது. ஒரு பெரிய போரின் தொடக்கமும் ஒரு மொழியின் மீது விழுந்த தடையும் இந்த ஊரோடு சேர்ந்தவை.

முதலில் நான் ராஜாக்களில் இருந்துதான் ஆரம்பித்தேன். யார் ஆண்டார்கள், யார் வந்தார்கள், எந்த வருஷம் என்று நாலு பக்கம் எழுதியும் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பாறையில் ஆரம்பித்து மேலே ஏறி வந்தபோதுதான் எல்லாம் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டது. அதனால் இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

தேவையானவை: ஒரு நோட்டு, இரண்டு நிறப் பேனா, மேடு பள்ளம் காட்டும் ஏதாவது ஒரு இணைய வரைபடம்.

படி 1: ஆற்றை வரையுங்கள்

வரைபடத்தில் கோப்ளென்ஸ் நகரத்தைத் தேடுங்கள். ரைனும் மோசலும் கூடும் இடம், எளிதில் கிடைக்கும். அங்கிருந்து கொஞ்சம் தெற்கே லான்ஸ்டைன் என்ற இடத்தில் கிழக்கிலிருந்து ஒரு ஆறு வந்து ரைனில் விழும். அதுதான் லான். சுமார் 245 கிலோமீட்டர் ஓடிவருகிற ஆறு. மார்பூர்க், கீசன், வெட்ஸ்லார், லிம்பூர்க் எல்லாவற்றையும் தொட்டுவிட்டு, ரைனைச் சேர்வதற்குச் சற்று முன்னால் பாட் எம்ஸுக்குள் நுழைகிறது.

நோட்டில் அந்த ஆற்றை மட்டும் வரையுங்கள். வடக்கே வெஸ்டர்வால்டு, தெற்கே டவுனுஸ் என்று இரண்டு மலைத்தொகுதிகளை எழுதுங்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் வாய்க்கால் மாதிரியான பள்ளத்தாக்கில்தான் ஊர். அகலம் இல்லாததால் ஊர் ஆற்றின் இரு கரையிலும் நீளவாக்கில் படுத்துக்கிடக்கிறது. கட்டடங்கள் கரையோரமாக வரிசை கட்டி நிற்பதற்கும், பின்னாலேயே சுவர் மாதிரி காட்டுச்சரிவு எழுவதற்கும் காரணம் இந்த நெருக்கடிதான்.

படி 2: பாறையைக் கேளுங்கள்

இந்தப் படியைத் தயவுசெய்து தாண்டிப் போகாதீர்கள். இங்கே உள்ள மலைகள் ரைன் ஸ்லேட் மலைத்தொகுதியைச் சேர்ந்தவை. டெவோனியன் என்ற நிலவியல் காலத்தில் கடலடியில் படிந்த சேறும் மணலும் இறுகி, மடிந்து, ஸ்லேட்டாகவும் குவார்ட்சைட்டாகவும் ஆனவை. சுமார் 40 கோடி ஆண்டுப் பழசு. உலகம் முழுக்க நிலவியலாளர்கள் டெவோனியனின் ஒரு பகுதியை "எம்சியன்" என்றுதான் சொல்கிறார்கள். அந்தப் பெயர் வந்தது இந்தச் சின்ன ஊரிலிருந்து! எந்த நாட்டில் அந்த வயதுப் பாறையைப் பார்த்தாலும் அதன் பெயரில் எம்ஸ் இருக்கிறது என்பதை முதன்முதலில் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

மடிந்த பாறையில் பிளவுகள் இருக்கும். மழைத்தண்ணீர் அந்தப் பிளவுகள் வழியாக ஆழமாக இறங்கி, பூமியின் சூட்டில் காய்ந்து, போகிற வழியில் உப்புகளைக் கரைத்துக்கொண்டு, கீழிருந்து வருகிற கரியமில வாயுவோடு சேர்ந்து மறுபடி மேலே வருகிறது. பக்கத்திலேயே ஐஃபெல், வெஸ்டர்வால்டு என்று பழைய எரிமலை நிலங்கள் இருப்பதை வரைபடத்தில் பாருங்கள், அந்த வாயு எங்கிருந்து வருகிறது என்று ஓரளவு புரியும். எம்ஸ் ஊற்றுகளில் முக்கியமாக இருப்பது சோடியம் பைகார்பனேட்டும் சாதாரண உப்பும். வெதுவெதுப்பான ஊற்றும் உண்டு, 57 டிகிரி வரை சுடுகிற ஊற்றும் உண்டு. இந்தச் சூடான வகைக்கு ராபர்ட் காம்பே ஊற்று என்று பெயர், குழாய் இறக்கிக் கொண்டுவந்தது.

அதே பிளவுகளில் இன்னொன்றும் படிந்தது: ஈயம், துத்தநாகம், வெள்ளி. நோட்டில் ஒரு நிறத்தில் "வெந்நீர்", இன்னொரு நிறத்தில் "வெள்ளி" என்று எழுதிக்கொள்ளுங்கள். இனி வருகிற வரலாறு முழுக்க இந்த இரண்டு நிறத்துக்குள் அடங்கிவிடும்.

படி 3: ரோமானியக் கோட்டைப் போடுங்கள்

ரோமானியர் ஜெர்மனியில் போட்ட எல்லைக்கோட்டுக்கு லீமெஸ் என்று பெயர். ரைன் கரையிலிருந்து டானூப் வரை சுமார் 550 கிலோமீட்டர். அது லான் ஆற்றைக் கடக்கிற இடம் இந்த ஊர்தான், அதனால் இங்கே ஒரு கோட்டையும் வைத்திருந்தார்கள். 2005-ல் லீமெஸ் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. ஊருக்குத் தெற்கே விண்டர்ஸ்பெர்க் குன்றில் பழைய காவல்கோபுரத்தின் மாதிரி ஒன்று நிற்கிறது. அது இப்போது கட்டியது இல்லை, 1874-லேயே கட்டியது.

வெள்ளி நிறப் பேனாவை இங்கே எடுங்கள். கிளாடியஸ் பேரரசர் காலத்தில், கி.பி. 47 வாக்கில், கூர்டியஸ் ரூஃபஸ் என்ற ரோமானிய ஆளுநர் மத்தியாச்சி என்ற ஜெர்மானிய இனத்தாரின் நாட்டில் வீரர்களை வைத்து வெள்ளி தோண்டச் சொன்னார், கிடைத்தது கொஞ்சம்தான், வீரர்கள் நொந்துபோனார்கள் என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிடஸ் எழுதியிருக்கிறார். அது எந்த இடம் என்று ரொம்பக் காலம் தெளிவில்லை. பாட் எம்ஸுக்கு வெளியே எம்ஸ்பாக் ஓடைப் பள்ளத்தாக்கில், வயலில் நிறம் மாறித் தெரிந்த கோடுகளை வேட்டைக்காரர் ஒருவர் கவனித்துச் சொன்னதிலிருந்து அகழாய்வு ஆரம்பித்தது. ரோமானியப் படைமுகாம்களின் தடம் வெளிப்பட்டது. பள்ளத்துக்குள் நட்டுவைத்த கூர்மையான மரமுளைகள் ஈரமண்ணில் அழியாமல் அப்படியே கிடைத்தன, எதிரி ஏறிவரும்போது குத்தவேண்டும் என்று வைத்தவை. ரோமானியர் இப்படி முளை நடுவார்கள் என்று எழுத்தில் இருந்ததே தவிர, மரத்தைக் கண்ணால் பார்த்தவர் அதுவரை யாரும் இல்லை. 2023-ல் இந்தச் செய்தி உலகம் முழுக்கப் பரவியது. வெள்ளிக்காகத்தான் இந்தக் காவல் என்பது ஆய்வாளர்களின் கணிப்பு. ரோமானியர் கைவிட்டுப் போன மலையில் பின்னாளில் ஈயமும் வெள்ளியும் நிறைய எடுத்தார்கள் என்பதைச் சேர்த்துப் படித்தால், பாவம், அந்த வீரர்கள் சரியான மலையில்தான் தோண்டினார்கள்.

படி 4: யார் கையில் இருந்தது?

இதை வேகமாக முடித்துவிடலாம். நடுக்காலத்தில் நசாவ் பிரபுக்களும் காட்செனெல்ன்போகன் பிரபுக்களும் இந்தப் பக்கம் ஆண்டார்கள். பின்னவர் வம்சம் 1479-ல் முடிந்தது, அவர்களது பங்கு ஹெஸ்ஸனுக்குப் போனது. ஒரே ஊற்றுக்கு இரண்டு எஜமானர்கள், ஆளுக்கொரு குளியல் மாளிகை. 1806-ல் நசாவ் கோமகன் நாடு, 1866-ல் பிரஷ்யா, 1946-லிருந்து ரைன்லாந்து-பலட்டினேட் மாநிலம். இப்போது ரைன்-லான் மாவட்டத்தின் தலைநகர். இவ்வளவு போதும். ஒரு வரியில் எழுதி அம்புக்குறி போட்டுக்கொள்ளுங்கள்.

படி 5: ரயில் வந்த வருஷத்தைக் கண்டுபிடியுங்கள்

எந்தக் குளியல் ஊரைப் படித்தாலும் நான் தேடுகிற முதல் எண் இதுதான். எம்ஸுக்கு ரயில் வந்தது 1858. அதற்கு முன்னால் குதிரை வண்டி, படகு. அதற்கு அப்புறம் பாரிஸிலிருந்தும் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்தும் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கலாம். ஊற்று உப்பில் மாத்திரை செய்து விற்றதும் இந்தக் காலத்தில்தான் சூடுபிடித்தது, தொண்டைக்கட்டுக்கு எம்ஸ் மாத்திரை இன்றைக்கும் ஜெர்மன் மருந்துக்கடைகளில் கிடைக்கிறது.

விருந்தாளிகள் வந்தால் சும்மா குளித்துவிட்டுப் போவார்களா? இசை அரங்கம், நாடகம், சூதாட்ட மண்டபம், நடைபாதை எல்லாம் வேண்டும். ஓஃபன்பாக் பல கோடைகளில் இங்கே வந்து தன் இசைநாடகங்களை மேடையேற்றினார். சூதாட்டத்தை மட்டும் புதிய ஜெர்மன் அரசு 1872 முடிவோடு மூடியது. காலையில் எழுந்து தண்ணீர் குடித்து, மேளவாத்தியம் கேட்டபடி நடந்து, பார்க்கவேண்டியவர்களைப் பார்ப்பது, இதுதான் அன்றைய வைத்தியம். இந்தப் பழக்கத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த படி இதில்தான் நிற்கிறது.

படி 6: இரண்டு தேதிகள்

முதல் தேதி 13 ஜூலை 1870. பிரஷ்ய அரசர் முதலாம் வில்ஹெல்ம் வழக்கம்போல எம்ஸ் நடைபாதையில் காலாற நடந்துகொண்டிருந்தார். ஸ்பெயின் அரியணைக்கு அவரது உறவினர் லியோபோல்டு போட்டியிட்டுப் பின்வாங்கியிருந்த நேரம். பிரெஞ்சுத் தூதர் பெனடெட்டி வழியிலேயே அவரைச் சந்தித்து, இனி எப்போதும் உங்கள் குடும்பத்தார் அந்த இடத்துக்கு ஆசைப்பட மாட்டார்கள் என்று வாக்குக் கொடுங்கள் என்றார். அரசர் மரியாதையாகவே மறுத்தார். நடந்ததைத் தந்தியில் பெர்லினுக்கு அனுப்பினார்கள். பிரஷ்யப் பிரதமர் பிஸ்மார்க் அதை வெட்டிச் சுருக்கி, இரண்டு தரப்புக்கும் அவமானம் என்று தோன்றும்படி ஆக்கிப் பத்திரிகைக்குக் கொடுத்தார். ஜூலை 19-ல் பிரான்ஸ் போர் அறிவித்தது. ஆறு மாதத்தில் ஜெர்மன் பேரரசு பிறந்தது. அந்தச் சந்திப்பு நடந்த இடத்தில் நடைபாதையில் ஒரு கல் பதித்திருக்கிறார்கள், தேதியும் காலை நேரமும் பொறித்து.

இரண்டாவது தேதி 1876 மே. ரஷ்யப் பேரரசர் இரண்டாம் அலெக்சாண்டர் இங்கே குளியலுக்கு வந்திருந்தபோது ஒரு ஆணையில் கையெழுத்திட்டார். உக்ரைனிய மொழியில் புத்தகம் அச்சிடக்கூடாது, வெளிநாட்டிலிருந்து கொண்டுவரக்கூடாது, மேடையில் நாடகம் போடக்கூடாது. எம்ஸ் ஆணை என்றே வரலாற்றில் இதற்குப் பெயர். 1905 புரட்சி வரை அந்த மொழியின் கழுத்தை இறுக்கிய ஆணை இது. ஊற்று நீர் குடித்து உடம்பைத் தேற்றிக்கொள்ள வந்த இடத்தில் இப்படியொரு கையெழுத்து. தமிழில் எழுதுகிற, படிக்கிற நமக்கு இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கத் தோன்றும், நில்லுங்கள். அதே ஆண்டில் லான் கரையில் ரஷ்ய மரபுவழித் தேவாலயமும் எழுந்தது. நுரையீரல் நோயோடு தஸ்தயேவ்ஸ்கி 1874, 1875, 1876, 1879 என்று நான்கு கோடைகளில் வந்து இதே ஊற்றுநீரைக் குடித்தார். நோட்டில் இவர்கள் எல்லாரையும் "வெந்நீர்" நிறத்தில் எழுதுங்கள்.

படி 7: நடந்து பாருங்கள்

கோப்ளென்ஸிலிருந்து லான் பள்ளத்தாக்கு ரயிலில் ஏறினால் அரை மணிக்குள் வந்துவிடலாம். ஆற்றைப் பார்க்க வசதியான பக்கத்தில் உட்காருங்கள், படி 1-ல் வரைந்தது அப்படியே ஜன்னலில் ஓடும். நிலையம் தென்கரையில், கூர்ஹவுஸ் எனப்படும் குளியல் மாளிகை வடகரையில். பாலத்தைத் தாண்டுங்கள். மாளிகையின் ஊற்று மண்டபத்தில் கிரென்ஹென் ஊற்று இருக்கிறது. வெதுவெதுப்பாக, உப்பும் சோடாவும் கலந்த மாதிரி இருக்கும். பிடிக்காமல் போகலாம், இருந்தாலும் ஒரு வாய் குடித்துப் பாருங்கள், படி 2-ஐ நாக்கால் படித்தது போல ஆகும். இரத்த அழுத்தமோ சிறுநீரகத் தொந்தரவோ இருந்தால் மட்டும் முதலில் மருத்துவரைக் கேளுங்கள், இது உப்புத் தண்ணீர்.

அப்புறம் நடைபாதையில் பெனடெட்டி கல்லைத் தேடுங்கள். தரையோடு இருப்பதால் தாண்டிப் போய்விட வாய்ப்பு அதிகம், மெதுவாக நடங்கள். 2021-ல் பாத், விச்சி, கார்லோவி வாரி உள்ளிட்ட பத்து ஐரோப்பிய ஊர்களோடு சேர்ந்து பாட் எம்ஸும் உலகப் பாரம்பரியமானது இந்தக் கரையோரக் கட்டட வரிசைக்காகத்தான்.

கடைசியாக கூர்வால்டு கம்பிவட ரயிலில் மேலே போங்கள். 1979-ல் ஓட ஆரம்பித்தது, சரிவு 78 சதவீதம், வயிற்றைப் பிசையும். எதிர்க்கரை மால்பெர்க் மலையில் 1887-லேயே இன்னொன்று ஓடியது. மேல் பெட்டியில் தண்ணீர் நிரப்புவார்கள், அந்தப் பாரத்தில் அது இறங்கக் கீழ்ப்பெட்டி மேலே ஏறும், கீழே வந்ததும் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மேலே நின்று நோட்டைத் திறந்து வையுங்கள். ஆறு, இரண்டு கரை, பின்னால் மலைச்சுவர், தெற்கே விண்டர்ஸ்பெர்க் பக்கம், வடக்கிலிருந்து எம்ஸ்பாக் வந்து சேரும் பள்ளம், எல்லாவற்றையும் கண்ணாலேயே தொட்டுக்கொண்டு, நோட்டில் விட்டுப்போனதை அங்கேயே வரைந்துவிடுங்கள்.